குழந்தைக்கு உடம்பு சரியில்லை: வார்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன். பெற்றோர்களும், புதிதாக டூட்டிக்கு வரும் இளம் செவிலியர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். எதற்கு வீட்டில் காத்திருக்கலாம், எதற்கு உடனே கிளம்ப வேண்டும் என்று பிரித்தறிய இது உதவினால் போதும்.

1. தொட்டுப் பார்த்தா கொதிக்குது, தெர்மாமீட்டர்ல 99.5தான் காட்டுது. இது காய்ச்சலா இல்லையா?

நம் கை சில்லென்று இருந்தால் நல்ல உடம்பும் சுடுவது போலத்தான் தெரியும். தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் வந்தால்தான் காய்ச்சல். அக்குளில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் குறைவாகக் காட்டும். கனமாகப் போர்த்தியிருந்தால் கூடுதலாகக் காட்டலாம். அப்படியானால் போர்வையை எடுத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள்.

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு மட்டும் கணக்கே வேறு. 100.4 வந்துவிட்டால், நன்றாகப் பால் குடித்தாலும் சரி, சிரித்தாலும் சரி, அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த வயதில் ரத்தத்தில் கிருமி பரவியிருந்தால்கூடக் காய்ச்சலைத் தவிர வேறு அடையாளம் இல்லாமல் போகலாம். உடம்பு சில்லிட்டுப் போய் பால் குடிக்க மறுத்தாலும் அதே அவசரம்தான்.

2. காய்ச்சல் 104 வந்துடுச்சு சிஸ்டர். மூளைக்கு ஏறிடுமா?

ஏறாது. கிருமியோடு போராடுவதற்காக மூளையே உடம்பின் வெப்பத்தை உயர்த்தி வைக்கிறது, அதற்கு ஒரு வரம்பையும் வைத்திருக்கிறது. சாதாரணத் தொற்றுக் காய்ச்சலின் சூடு மூளையைக் கெடுப்பதில்லை. கிருமி நேரடியாக மூளையைத் தாக்கும் மூளைக்காய்ச்சலும், வெயிலில் நிற்கும் பூட்டிய காருக்குள் குழந்தை மாட்டிக்கொள்வது போன்ற வெப்பத் தாக்கமும் வேறு விஷயங்கள். அவைதான் ஆபத்தானவை.

எண்ணைப் பார்த்தது போதும், குழந்தையைப் பாருங்கள். குழந்தையைத் தொடுவதற்கு முன்பே நான் பார்ப்பவை மூன்று. நம் முகத்தைப் பார்க்கிறதா, நீட்டிய பொருளைப் பிடிக்க வருகிறதா என்பது முதலாவது. மூச்சு விடச் சிரமப்படுகிறதா என்பது இரண்டாவது. தோல் வெளிறியோ, திட்டுத் திட்டாகவோ, நீலம் பூத்தோ இருக்கிறதா என்பது மூன்றாவது. அப்புறம் அம்மாவிடம், கடைசியாக எப்போது குடித்தது, எப்போது சிறுநீர் போனது என்று கேட்பேன். 104 அடித்தும், மருந்து கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் எழுந்து விளையாடும் குழந்தையைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. 101 டிகிரியிலேயே துவண்டு கிடந்து, எழுப்பினாலும் சரியாகக் கண் திறக்காத குழந்தைக்காகத்தான் ஓடுவேன்.

கழுத்தை வளைக்க முடியாமல் விறைப்பது, கைக்குழந்தையின் உச்சிக்குழி புடைத்திருப்பது, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தோலில் வருவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. இவை எதுவும் இல்லாவிட்டாலும், மூன்று நாளைத் தாண்டும் காய்ச்சலை மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

3. பாராசிட்டமால் அஞ்சு எம்எல் கொடுக்கலாம்னு சொன்னாங்க. சரிதானே?

எந்த பாட்டிலில் அஞ்சு எம்எல்? என் முதல் கேள்வி எப்போதும் அதுதான். இந்த மருந்தின் அளவைத் தீர்மானிப்பது எடை. ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். பத்து கிலோ குழந்தைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். ஆனால் கடையில் கிடைக்கும் சிரப்புகள் எல்லாம் ஒரே வீரியத்தில் இருப்பதில்லை. ஒன்றில் 5 எம்எல்லுக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் 250. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 எம்எல்லிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். அந்தப் பத்து கிலோ குழந்தைக்கு அதே அஞ்சு எம்எல் முதல் பாட்டிலில் சரியான அளவு. இரண்டாவதில் 250, அது வரம்பைத் தாண்டியது. சொட்டு மருந்தில் 500 மில்லிகிராம் ஆகிவிடும், அதிகபட்ச அளவைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். சளி மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருப்பதால், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாமல் லேபிளைப் படியுங்கள். சமையலறை ஸ்பூனில் அளக்காதீர்கள், பாட்டிலோடு வரும் மூடியோ சிரிஞ்சோதான் அளவு. கொடுத்த நேரத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அம்மா கொடுத்தது தெரியாமல் அப்பாவும் கொடுப்பது நிறைய நடக்கிறது.

4. மருந்து கொடுத்ததும் வாந்தி எடுத்துட்டான். திரும்பக் கொடுக்கலாமா?

பாராசிட்டமால் கொடுத்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவை ஒரு முறை மறுபடி கொடுக்கலாம். அதைத் தாண்டிவிட்டால் அடுத்த வேளை வரை பொறுங்கள். வலிப்பு மருந்து, இதய மருந்து போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவற்றுக்கு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. ஐஸ் தண்ணியில துடைச்சா சீக்கிரம் இறங்குமா? இறங்கலைன்னா வேற மாத்திரை கொடுக்கலாமா?

ஐஸ் தண்ணீர் பட்டால் குழந்தை நடுங்கும், நடுங்கினால் உடம்பு இன்னும் சூட்டை உண்டாக்கும். ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய் விஷமாகலாம். லேசான உடை, அடிக்கடி குடிக்க ஏதாவது, காற்றோட்டம். இவை போதும்.

ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. வைரஸ் காய்ச்சலோடு சேரும்போது கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய்க்குறி அரிதாக வரலாம். இபுப்ரோஃபென் நல்ல மருந்துதான், ஆனால் ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கும், பேதியில் நீர் வற்றிய குழந்தைக்கும், அம்மை போட்ட குழந்தைக்கும், டெங்கு சந்தேகம் இருக்கும்போதும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

6. காய்ச்சல்ல திடீர்னு ஃபிட்ஸ் வந்துடுச்சு. வாயில ஸ்பூன் வைக்கணுமா?

எதையும் வைக்கக் கூடாது. நாக்கை விழுங்கிவிடும் என்ற பயத்தில்தான் வைக்கிறார்கள். நாக்கை யாராலும் விழுங்க முடியாது. உடைந்த பல் மூச்சுக்குழாய்க்குள் போவதும், வைத்தவர் விரல் கடிபடுவதும்தான் நடக்கும்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். அந்த நேரத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும், அதனால் மணி பார்ப்பது மிக முக்கியம். குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் வாந்தியும் வெளியே வழியட்டும். கழுத்தை இறுக்கும் உடையைத் தளர்த்துங்கள், மோதக்கூடிய பொருட்களை நகர்த்துங்கள். கைகால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம். தண்ணீர், மருந்து எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். பெரும்பாலான காய்ச்சல் வலிப்புகள் ஐந்து நிமிடத்துக்குள் தாமாகவே நின்றுவிடும். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஒரு பக்கக் கைகால் மட்டும் இழுத்தாலோ, நின்று மறுபடி வந்தாலோ, நின்ற பிறகும் நினைவு திரும்பாவிட்டாலோ, மூச்சு சரியாக இல்லாவிட்டாலோ ஐந்து நிமிடத்துக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

முதல் தடவை வந்த வலிப்பு என்றால், நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சலுக்குக் காரணம் மூளைக்காய்ச்சல் இல்லை என்று அவர் உறுதி செய்ய வேண்டும்.

7. அப்ப இவனுக்கு வலிப்பு நோயா? அடுத்த தடவை காய்ச்சல் வந்ததுமே மருந்து கொடுத்துத் தடுத்துடலாமா?

காய்ச்சல் வலிப்பு ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வரும். நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வருகிறது. அவர்களில் மூன்றில் ஒருவருக்கு இன்னொரு முறை வரலாம். பிற்காலத்தில் வலிப்பு நோய் வரும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். படிப்போ அறிவோ இதனால் குறைவதில்லை.

காய்ச்சல் மருந்து குழந்தைக்கு ஆறுதல் தரும், ஆனால் வலிப்பைத் தடுக்காது. 'நேரத்துக்கு மருந்து கொடுக்காததால்தான் வந்தது' என்று தங்களையே குற்றம் சொல்லி அழும் அம்மாக்களிடம் இதை நான் அழுத்தமாகச் சொல்கிறேன்: உங்கள் மேல் தவறு இல்லை.

8. காலையிலேர்ந்து ஏழெட்டு தடவை பேதி. எப்ப ஆஸ்பத்திரிக்கு வரணும்?

எத்தனை தடவை என்பதைவிட, உள்ளே எவ்வளவு போகிறது என்பது முக்கியம். போகிற அளவுக்குக் குடித்துக்கொண்டும், சிறுநீர் போய்க்கொண்டும் இருந்தால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு பேதிக்கும் பிறகு 50 முதல் 100 எம்எல் ஓஆர்எஸ், அதற்கு மேல் 100 முதல் 200 எம்எல். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. வழக்கமாகச் சாப்பிடும் உணவையும் நிறுத்த வேண்டாம். குடலுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்துப் பட்டினி போட்டால் குழந்தை இன்னும் இளைத்துப் போகும்.

கண் குழிவிழுவது, அழுதால் கண்ணீர் வராதது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாக இறங்குவது, மலத்தில் ரத்தம்: இவற்றுக்கு உடனே வாருங்கள். தாகத்தில் வெறியோடு குடிப்பதும் நீர் வற்றியதன் அடையாளம். குடிக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடப்பது அதைவிட மோசம். வாந்தி பச்சை நிறத்தில் வந்தால், குறிப்பாகப் பிறந்த குழந்தைக்கு, அது குடல் முறுக்கலாக இருக்கலாம். அதற்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

9. குடிச்சா வாந்தி எடுக்கிறா. பேசாம ட்ரிப்ஸ் போட்டுடுங்களேன்?

தாகத்தில் மடமடவென்று ஒரு டம்ளர் குடித்தால் வரத்தான் செய்யும். பத்து நிமிடம் விட்டு, ஒன்று இரண்டு நிமிடத்துக்கு ஒரு சிறு ஸ்பூன் என்று கொடுங்கள். கை வலிக்கும், பொறுமை போகும், ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது வேலை செய்கிறது. ட்ரிப்ஸ் என்பது குடிக்கவே முடியாத, அல்லது மிக அதிகமாக நீர் வற்றிய குழந்தைக்கு.

10. ஓஆர்எஸ் பாக்கெட்டைப் பிரிச்சு, அப்பப்ப ஒரு ஸ்பூன் கலந்து கொடுக்கிறேன். சரிதானே?

நல்ல மனதோடு செய்யப்படும் தவறுகளில் நான் அதிகம் பார்ப்பது இது. ஒரு முழு பாக்கெட்டை, அதன் மேல் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில், ஒரே தடவையில் கரைக்க வேண்டும். பாக்கெட்டுகள் 1 லிட்டருக்கும் உண்டு, 200 எம்எல்லுக்கும் உண்டு. தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்புவரை போகலாம். தண்ணீர் கூடினால் உப்பு போதாமல் போகும். ருசிக்காகச் சர்க்கரை, பழச்சாறு, பால் எதையும் சேர்க்காதீர்கள். கலந்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட்டு மீதியைக் கொட்டிவிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுகோஸ், 2.6 கிராம் சோடியம் குளோரைடு, கூடவே பொட்டாசியமும் சிட்ரேட்டும் உண்டு. குடலில் குளுகோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கூட இழுத்துப் போகும், சோடியத்தின் பின்னால் தண்ணீர் போகும். எவ்வளவு பேதியானாலும் இந்த வழி மட்டும் பெரும்பாலும் அடைபடுவதில்லை. இரண்டும் சரியான விகிதத்தில் இருந்தால்தான் இது நடக்கும். இனிப்பு பானங்களில் சர்க்கரை மிக அதிகம், அது தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும். பாக்கெட் கிடைக்கவே இல்லையென்றால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. கைப்பிடிக் கணக்கு வேண்டாம்.

11. பேதியை உடனே நிறுத்த மருந்து இல்லையா?

பெரியவர்களுக்கான பேதி நிறுத்தும் மாத்திரை சிறு குழந்தைகளின் குடலையே ஸ்தம்பிக்க வைத்துவிடும். கொடுக்காதீர்கள். பலன் தருவது ஜிங்க் (துத்தநாகச் சத்து): ஆறு மாதத்துக்குள் தினம் 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20, பத்து முதல் பதினான்கு நாள். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் முழுதும் கொடுங்கள்.

12. நெஞ்செல்லாம் சளி, கர்முர்னு சத்தம். இது நிமோனியாவா?

சத்தம் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் சளியின் சத்தம். நிமோனியாவைக் காட்டிக்கொடுப்பது மூச்சின் வேகமும் சிரமமும். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40: இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு.

மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிவது, மூக்குத் துவாரம் விரிவது, மூச்சுக்கு மூச்சு முனகுவது, பால் குடிக்க முடியாமல் விட்டுவிட்டு மூச்சு வாங்குவது: எண்ணிக்கை எதுவானாலும் உடனே வாருங்கள். இருமல் சிரப் சிறு குழந்தைகளுக்குப் பலன் தருவதில்லை, தூக்கத்தையும் படபடப்பையும்தான் தரும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு அரை டீஸ்பூன் தேன் இதமாக இருக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, பாட்டுலிசம் என்ற நரம்பு நச்சு நோய் வரலாம்.

13. ராத்திரி தூக்கத்துல எழுந்து நாய் குரைக்கிற மாதிரி இருமறான். தொண்டையில டார்ச் அடிச்சுப் பாக்கலாமா?

வேண்டாம். இது பெரும்பாலும் குரூப். வைரஸால் குரல்வளை வீங்கி வழி குறுகியிருக்கிறது. அழுதாலோ பயந்தாலோ இன்னும் குறுகும். மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, நீங்கள் பதறாமல், அதையும் அழவிடாமல் வையுங்கள். சும்மா இருக்கும்போதே மூச்சு இழுக்கையில் 'கீச்' என்று சத்தம் வந்தால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், ஒரே வேளை ஸ்டீராய்டு மருந்தில் நன்றாகக் குறையும். எச்சில் விழுங்க முடியாமல் வழிய விட்டுக்கொண்டு, தாடையை முன்னே நீட்டி உட்கார்ந்திருந்தால் அது குரூப்பைவிடப் பெரிய ஆபத்து. படுக்க வைக்காமல் அப்படியே தூக்கி வாருங்கள்.

14. ஆக்ஸிஜன் 97 காட்டுது. அப்புறம் ஏன் அட்மிட் பண்ணச் சொல்றீங்க?

அந்த 97-ஐத் தக்கவைக்கக் குழந்தை எவ்வளவு உழைக்கிறது என்பதை மெஷின் காட்டாது. 2-ஆவது பதிலில் சொன்ன அந்த மூன்றையும் இங்கேயும் பாருங்கள். நிமிடத்துக்கு 70 முறை மூச்சு விட்டு, விலா எலும்பு தெரிய உழைக்கும் குழந்தை களைத்துவிட்டால் 97 சட்டென்று இறங்கிவிடும். கைக்குழந்தைகளுக்கு வரும் பிராங்கியோலைட்டிஸ் (நுரையீரலின் சிறு மூச்சுக்குழல்கள் வைரஸால் வீங்குவது) மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் உச்சத்துக்குப் போகும். இரண்டாம் நாள் வந்த குழந்தை நாளைக்கு இன்னும் திணறலாம் என்று தெரிந்துதான் வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

இளம் செவிலியருக்கு ஒரு வார்த்தை. ஆஸ்துமா குழந்தையின் வீசிங் சத்தம் நின்றால் சந்தோஷப்படும் முன் ஸ்டெதஸ்கோப்பை வையுங்கள். காற்றே போகாததால் நெஞ்சு அமைதியாகியிருந்தால், அது மிகப் பெரிய அவசரம்.

15. தொண்டையில ஏதோ சிக்கிக்கிச்சு. விரல் விட்டு எடுக்கலாமா?

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். தெரியாமல் விரல் விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே தள்ளிவிடும். சத்தமாக இருமினால், அழுதால், இருமவிடுங்கள், பக்கத்தில் இருங்கள். சத்தம் வராமல், நிறம் மாறினால் செயலில் இறங்குங்கள்.

ஒரு வயதுக்குள்: முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஐந்து அழுத்தம். மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இந்த வயதில் வயிற்றை அழுத்தக் கூடாது, கல்லீரல் கிழிந்துவிடும். ஒரு வயதுக்கு மேல்: முன்பக்கம் குனியவைத்து முதுகில் ஐந்து தட்டு, பிறகு பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து உள்நோக்கி மேல்நோக்கி ஐந்து முறை இழுப்பு. பொருள் வெளியே வந்துவிட்டாலும் மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும்.

நினைவு தப்பினால் தரையில் கிடத்தி, ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டு சிபிஆர் (நெஞ்சை அழுத்தி, வாயால் மூச்சு கொடுக்கும் முதலுதவி): 30 அழுத்தம், 2 மூச்சு. நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம், மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். மூச்சு கொடுக்கும் முன் ஒவ்வொரு தடவையும் வாயைப் பாருங்கள். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, பொம்மை மேல் ஒரு முறையாவது செய்து பழகுவது நூறு மடங்கு உதவும். வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

16. சுடுதண்ணி கொட்டிடுச்சு. என்ன தடவணும்?

ஒன்றும் தடவாதீர்கள். பற்பசை, மாவு, எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம், கடிகாரம் பார்த்துக் காட்டுங்கள். ஒட்டிக்கொள்ளாத துணியைக் கழற்றிவிடுங்கள், மீதி உடம்பு குளிராமல் போர்த்துங்கள். பிறகு சுத்தமான துணியால் லேசாக மூடிக் கூட்டி வாருங்கள். முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டு ஆகிய இடங்களில் சுட்டது சின்னதாகத் தெரிந்தாலும் காட்டியாக வேண்டும்.

17. எதையோ குடிச்சுட்டா, வாந்தி எடுக்க வைக்கட்டுமா?

வேண்டாம். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். கழிவறை சுத்தம் செய்யும் திரவம் போகும்போது சுட்ட உணவுக்குழாயை வரும்போது இன்னொரு தடவை சுடும். பாட்டிலையும் கையோடு எடுத்து வாருங்கள். பாராசிட்டமால் பாட்டிலைக் காலி செய்த குழந்தை முதல் நாள் விளையாடிக்கொண்டுதான் இருக்கும், கல்லீரல் பாதிப்பு பிறகுதான் தெரியும். அதற்கு முறிவு மருந்து உண்டு, நேரத்தில் கொடுத்தால்தான் பலன்.

வட்ட பட்டன் பேட்டரி என்றால் எந்த அறிகுறிக்கும் காத்திருக்காதீர்கள். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக அரித்துவிடும். உடனே எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனை. விழுங்கியது காசா பேட்டரியா என்று தெரியாவிட்டாலும் பேட்டரி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

18. கட்டில்லேர்ந்து விழுந்துட்டான். தூங்க விடலாமா?

உடனே அழுது, கொஞ்ச நேரத்தில் வழக்கம்போல் ஆகிவிட்டால், தூங்கும் நேரத்தில் தூங்கட்டும். இடையில் ஒன்றிரண்டு முறை எழுப்பி, சரியாக விழிக்கிறதா என்று பாருங்கள். நினைவு தப்பியிருந்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், காது அல்லது மூக்கிலிருந்து தெளிந்த நீரோ ரத்தமோ வந்தால், தலையில் மெத்தென்ற வீக்கம் இருந்தால் உடனே வாருங்கள். ஒரு வயதுக்குள் என்றால் அறிகுறி இல்லாவிட்டாலும் காட்டிவிடுவது நல்லது.

19. பிபி நார்மலாதான் இருக்கு. சீனியர் சிஸ்டர் ஏன் டாக்டரை ஓடிப்போய்க் கூப்பிடறாங்க?

புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் கேட்பது. குழந்தையின் உடம்பு ரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தை வேகமாக ஓட்டி, பிபியைக் கடைசி வரை தாங்கிப் பிடிக்கும். பிபி விழும்போது ஷாக், அதாவது உறுப்புகளுக்குப் போதுமான ரத்தம் போகாத நிலை, முற்றிவிட்டது என்று அர்த்தம். ஒன்று முதல் பத்து வயது வரை மேல் பிபியின் குறைந்தபட்ச எல்லை 70 கூட்டல் வயதின் இரண்டு மடங்கு. ஆனால் அந்த எல்லைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது.

காய்ச்சலும் அழுகையும் இல்லாமலே நாடி வேகமாக ஓடுகிறதா, கைகால் சில்லென்று இருக்கிறதா, நெஞ்சில் ஐந்து நொடி அழுத்திவிட்டால் நிறம் திரும்ப இரண்டு நொடிக்கு மேல் ஆகிறதா, சிறுநீர் ஒரு மணி நேரத்துக்கு கிலோவுக்கு 1 எம்எல்லுக்குக் குறைந்துவிட்டதா? சீனியர் பார்த்தது இவற்றைத்தான். இன்னொன்று, கையில் சுற்றும் பட்டை அளவில் சிறியதாக இருந்தால் பிபி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். 'நார்மல்' என்று எழுதும் முன் பட்டையைப் பாருங்கள்.

20. காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஆச்சு, ஆனா முன்னைவிடச் சோர்வா இருக்கான். நல்லாகற அறிகுறிதானே?

டெங்குவில் ஆபத்துக் காலமே அப்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு இறங்கும் சமயத்தில், ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சில்லிட்ட கைகால், எரிச்சலும் மந்தமும் மாறி மாறி வருவது: ஏதாவது ஒன்று இருந்தால் கிளம்புங்கள். நன்றாகிவரும் குழந்தை பசிக்கிறது என்று கேட்கும்.

இதே எச்சரிக்கை மூச்சுத் திணறலுக்கும் பொருந்தும். ராத்திரி முழுக்க அழுத குழந்தை விடியற்காலையில் அமைதியானால், தூக்கமா, தெம்பு தீர்ந்ததா என்று எழுப்பிப் பாருங்கள். 14-ஆவது பதிலில் சொன்ன களைப்பு இப்படித்தான் வரும்.

21. என்னன்னு சொல்லத் தெரியல, ஆனா இவ வழக்கம்போல இல்ல. இதுக்காக வந்தா திட்டுவாங்களா?

வாருங்கள். அந்தக் குழந்தை நன்றாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். குழந்தையின் நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க மருத்துவமனைகள் வைத்திருக்கும் மதிப்பெண் அட்டைகள் பலவற்றில் பெற்றோரின் கவலைக்கும் இடம் உண்டு. யாராவது அலட்சியமாகப் பதில் சொன்னால், 'எனக்குத் திருப்தியாக இல்லை, இன்னொரு முறை பாருங்கள்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. செவிலியர் தோழிகளே, 'அந்த அம்மா சும்மா பயப்படறாங்க' என்று ஷிஃப்ட் மாறும்போது சொல்லி அனுப்பாதீர்கள். அம்மா சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வையுங்கள்.

வரும்போது இவை தெரிந்திருந்தால் எங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி: வயது, எடை, எப்போது தொடங்கியது, கொடுத்த மருந்தும் நேரமும், கடைசியாகக் குடித்ததும் சிறுநீர் போனதும் எப்போது, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, தடுப்பூசி எதுவரை போட்டிருக்கிறது. வலிப்போ, மூச்சுத் திணறலோ, வந்து வந்து மறையும் தடிப்போ இருந்தால் போனில் அரை நிமிட வீடியோ எடுத்து வையுங்கள், எங்களிடம் வந்து சேரும்போது அது நின்றுபோயிருக்கலாம். குழந்தை ஒருக்களித்துப் பத்திரமாகப் படுத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்ட பிறகு எடுங்கள்.